மாஹிம் கழியின் சேறு சொல்லும் கணக்கு

மாஹிமுக்கும் பாந்த்ராவுக்கும் நடுவே லோக்கல் ரயில் பாலத்தின் மேல் ஏறும்போது கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோகாத மும்பைத் தமிழர் யாரும் இருக்க முடியாது. "எல்லாம் தாராவி தோல் ஷாப்பு பண்ணின வேலை சார்" என்று பக்கத்து சீட்டுக்காரர் சொல்லுவார். சில சமயம் "உங்க மதராஸி ஆளுங்கதான்" என்று ஒரு வார்த்தை கூடுதலாகவும் வரும். நாமும் தலையாட்டிவிட்டு பாந்த்ராவில் இறங்கிவிடுவோம். மூன்று தலைமுறையாக இப்படித்தான் நடக்கிறது. இந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை, எவ்வளவு புரளி என்பதை விசாரிக்க வேறெங்கும் போக வேண்டாம். சாட்சி அந்தப் பாலத்துக்கு அடியிலேயே கறுப்புச் சேறாகக் கிடக்கிறது.

முதலில் ஒரு விஷயம். பாலத்தின் மேல் வரும் அந்த வாடை தோலின் வாடையோ உலோகத்தின் வாடையோ அல்ல. குரோமியம், ஈயம், காட்மியம், பாதரசம் என்று கன உலோகங்கள் என நாம் அழைக்கும் எவற்றுக்கும் நீரில் கரைந்திருக்கையில் வாடை கிடையாது. சாக்கடை நீரில் உள்ள மக்கும் பொருள்களைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜன் தீர்ந்துபோனதும் கடல் நீரில் உள்ள சல்பேட்டைப் பிடித்துக்கொள்கின்றன. அப்போது வெளிவரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுதான் அழுகின முட்டை வாடை. அதாவது மூக்கு சொல்லும் குற்றவாளி மாநகரின் கக்கூசு. நாம் சுட்டிக்காட்டுவது தோல் ஷாப்பு. இந்த வாயுவைப் பற்றி இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதைப் பின்னால் சொல்லுகிறேன்.

கழி என்பது நம்முடைய பழைய சொல். நெய்தல் நிலத்தைப் பாடிய புலவர்களுக்குக் கழியும் கண்டலும் இல்லாமல் பாட்டே இல்லை. மராத்தியர் இதைக் காடி என்பார்கள். கழியும் கழிவும் ஒரே வேர்ச்சொல்லா என்பதைப் புலவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். மும்பையில் அவை இரண்டும் ஒன்றாகிப்போன கதைதான் இது. இங்கே வந்து விழும் மித்தி ஆறு விஹார், போவாய் ஏரிகளின் உபரி நீரில் பிறந்து சுமார் 18 கிலோமீட்டர் ஓடுகிறது. மராத்தியில் அந்தப் பெயருக்கு அணைப்பு என்று பொருள் வரும். இந்திக் காதுக்கு இனிப்பு. மராத்தியில் உப்புக்கு உள்ள சொல்லும் கிட்டத்தட்ட அதுதான். ஆறு கடலைத் தழுவும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

அந்தத் தழுவலில்தான் நம் விஷயம் தொடங்குகிறது. ஆற்று நீரில் மிதந்து வரும் களிமண் துகள்கள் ஒவ்வொன்றின் மேலும் எதிர்மின்னூட்டம் இருக்கும். அதனால் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, அடியில் படியாமல் கலங்கலாகவே வரும். கடலின் உப்பு கலந்ததும் அந்தத் தள்ளுமுள்ளு அடங்கிவிடுகிறது. கொதிக்கும் பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிகிற மாதிரி துகள்கள் திரிந்து, கட்டிக்கட்டியாக அடியில் இறங்குகின்றன. ஆறு வழிநெடுகச் சேர்த்துக்கொண்டு வந்த உலோகங்கள் பெரும்பாலும் இந்தக் களிமண்ணிலும், மக்கிய பொருளிலும், இரும்புத் துருவிலும் ஒட்டிக்கொண்டுதான் வருகின்றன. ஆகவே அவையும் கூடவே இறங்கிவிடுகின்றன. காட்மியம் மட்டும் கொஞ்சம் விவகாரமான ஆசாமி. உப்பு நீரின் குளோரைடைக் கண்டதும் மண்ணை விட்டுவிட்டு அதோடு கிளம்பிவிடும். மற்றவை பொதுவாகக் கழியிலேயே தங்கும். வருஷா வருஷம் ஒரு படலம், அதன் மேல் இன்னொரு படலம். நம்ம ஊர்ச் செட்டியார் கடைப் பேரேடு மாதிரி, பழைய கணக்கு கீழே, புதிய கணக்கு மேலே.

அந்தப் பேரேட்டில் தேதி போட்டிருக்குமா? இருக்கும். பூமியிலிருந்து கசியும் ரேடான் வாயு காற்றில் சிதைந்து ஈயம்-210 ஆகி மழையோடு இறங்குகிறது. அதன் அரை ஆயுள் சுமார் 22 ஆண்டுகள். சேற்றுக்குள் ஒரு குழாயை நட்டு, உருவி எடுத்து, அங்குல அங்குலமாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் மிச்சமிருக்கும் ஈயம்-210ஐ அளந்தால் அந்தப் படலத்தின் வயதைச் சொல்லிவிடலாம். நூறு நூற்றைம்பது வருஷம் வரைக்கும் இந்தக் கடிகாரம் ஓடும். அணுகுண்டுச் சோதனைகள் உச்சத்தில் இருந்த 1963ஆம் ஆண்டுப் படலத்தில் சீசியம்-137 தூக்கலாக இருக்கும். அது இன்னொரு கைகாட்டி. மாஹிம் கழிக்குத் தேவையான வயதும் ஏறக்குறைய இந்த நூற்றைம்பது வருஷம்தான்.

கழியை அடைத்த கதை

பழைய நாளில் இது வெறும் ஆற்றுவாய் அல்ல. பம்பாய்த் தீவுகளையும் சால்செட்டையும் பிரித்த நீர்வழி. இப்பக்கம் இங்கிலீஷ்காரன், அப்பக்கம் போர்த்துகீசியன். தாராவியில் காலா கில்லா என்று நாம் சொல்லும் இடத்துக்கு அந்தப் பெயரைத் தந்த சிறு கோட்டை, கவர்னர் ஜான் ஹோர்ன் 1737இல் இந்தக் கழியைக் காவல் காக்கக் கட்டியது. அதே வருஷத்தில் மராத்தியர் சால்செட்டைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் மாஹிம் பக்கம் ஏறிய கடலேற்றம் கழியின் உள்பக்கம் வெகுதூரம் பரவி, சேற்றை அலசிக்கொண்டு திரும்பும். தாராவி கோலிவாடாவின் மீனவர்களுக்கு அதுதான் சோறு. மராத்தியில் போய் எனப்படும் மடவை, நண்டு, இறால், சேற்றில் தத்திப் பிடிக்கும் நிவ்டி மீன் எல்லாம் கிடைத்தன.

பிறகு பாதைகள் வந்தன. கிழக்கே சயான் பக்கம் டங்கன் கவர்னர் காலத்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒரு கரைப்பாதை. மேற்கே மாஹிமில் 1840களில் இன்னொன்று. கம்பெனி சர்க்கார் பணம் தர மறுத்ததால் ஆவாபாய் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் அம்மையார் 1,57,000 ரூபாயைத் தன் கையிலிருந்து கொடுத்தார். மழைக்காலத்தில் தோணி கவிழ்ந்து ஜனங்கள் செத்துக்கொண்டிருந்த இடம் அது. நல்ல மனதோடு செய்த தருமம். ஆனால் நீரோட்டத்துக்குத் தருமம் தெரியாது. பாதையும் ரயில் கரையும் வாயைக் குறுக்கின, ஓட்டம் தளர்ந்தது, சேறு தங்கத் தொடங்கியது. சேறு தங்கினால் மீனவன் தோணி தரைதட்டும். தாராவிக் கோலியர் மீன்பிடியை விட்டதற்குத் தோல் ஷாப்புதான் காரணம் என்று சொல்லுகிறவர்கள், தோல் ஷாப்பு வருவதற்கு முன்னாலேயே கழி தூர ஆரம்பித்துவிட்டதை மறந்துவிடுகிறார்கள்.

ஏரிகளைக் கட்டியதும் இதில் சேரும். 1860இல் விஹார், அதன் பிறகு போவாய். நகரத்துக்குக் குடிநீர் கிடைத்தது. ஆற்றுக்கு மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் சொந்த நீர் போயிற்று. அந்த இடத்தைச் சாக்கடை நீர் பிடித்துக்கொண்டது.

நம்மவர் பங்கு

இனி தோல். நகரம் வளர வளர, நாறும் தொழில்களை வடக்கு ஓரத்துக்குத் தள்ளினார்கள். 1887இல் முதல் தோல் ஷாப்பு தாராவிக்கு வந்தது. பக்கத்தில் பாந்த்ராவில் ஆட்டுத்தொட்டி. கழியில் வேண்டிய மட்டும் நீர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து முஸ்லிம் வியாபாரிகள் முதலோடும், ஆதிதிராவிட மக்கள் உழைப்போடும் வந்து சேர்ந்தார்கள். சுண்ணாம்புத் தொட்டியில் முழங்கால் வரை நின்று, பச்சைத் தோலின் மயிரைச் சுரண்டி எடுத்த கால்கள் அவை. தாராவியில் இன்று பள்ளிக்கூடமும் கோயிலும் பள்ளிவாசலும் தமிழில் பேசுகிறதென்றால் அந்தத் தொட்டிகளில் நின்றவர்கள் போட்ட அஸ்திவாரம்தான்.

அவர்கள் கொண்டுவந்தது ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிடும் நம் ஊர் முறை. மதராஸ் மாகாணத்திலிருந்து அப்படிப் பதனிட்டுப் போன தோலுக்கு 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்று லண்டன் சந்தையில் தனிப் பெயரே இருந்தது. அந்தக் கழிவு நீர் கறுக்கும், நாறும், மீனைக் கொல்லும். ஆனால் அதில் கன உலோகம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. குரோம் முறை அமெரிக்காவில் 1884இலும் 1893இலும் காப்புரிமை பெற்ற விஷயம். இந்தியாவில் அதைக் கால் ஊன்றச் செய்தவர் சென்னையில் இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். நம் அம்மாக்களின் அலுமினியப் பாத்திரத்துக்கும் இவரே மூலபுருஷர் என்பது ஒரு உபரித் தகவல். வாரக்கணக்கில் ஊறவேண்டிய தோல் குரோம் உப்பில் ஓரிரு நாளில் 'வெட் புளூ' ஆகிவிடும். 1970களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி மத்திய சர்க்கார் பச்சைத் தோல் ஏற்றுமதியைத் தடுத்து, முடித்த தோலுக்கும் தோல் பொருளுக்கும் ஊக்கம் கொடுத்தது. டாலர் வந்தது. நாடெங்கும் குரோம் பீப்பாய்கள் சுழன்றன.

அந்தப் பீப்பாயில் போடும் குரோமியத்தில் தோல் பிடித்துக்கொள்வது சாதாரணமாக நூற்றுக்கு அறுபது, எழுபது பங்கு. மீதி நீரோடு போய்விடும். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் உள்ள வீடுகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாலாற்றுக் கிணறுகளின் கதை 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. தாராவியின் பங்கையும் மறைக்க வேண்டாம். குரோமியம் போட்ட இடங்களிலிருந்து அது கழிக்குத்தான் போயிருக்கும். வேறு வழி அங்கே இல்லை. ஆனால் 1971இல் ஆட்டுத்தொட்டி தேவனாருக்குப் போனது; 1980களில் பெரிய தோல் ஷாப்புகளில் பெரும்பாலானவை அதன் பின்னாலேயே போயின. தாராவியில் மிஞ்சியது பையும் பர்ஸும் பெல்ட்டும் தைக்கிற வேலை. குற்றம் முழுக்கத் தோலுடையதானால், அதற்குப் பிறகு படிந்த சேறு சுத்தமாக அல்லவா இருக்க வேண்டும்?

பேரேட்டைப் படிப்பது எப்படி

இங்கேதான் அவசரப்படக் கூடாது. சேற்றில் குரோமியம் இவ்வளவு, செம்பு இவ்வளவு என்று ஒரு எண்ணைப் பத்திரிகையில் போட்டு, உலகச் சராசரியைவிட இத்தனை மடங்கு என்று அலறுவது சுலபம். அந்தச் சராசரி எது? 1961இல் டுரேக்கியன், வெடபோல் என்ற இருவர் தொகுத்த பட்டியலைத்தான் பல கட்டுரைகள் கையில் எடுக்கின்றன. களிப்பாறையில் கிலோவுக்குக் குரோமியம் 90 மில்லிகிராம், செம்பு 45, துத்தநாகம் 95, ஈயம் 20, காட்மியம் 0.3. மும்பையோ தக்காணத்து எரிமலைக் கருங்கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கல்லில் செம்பு மட்டுமே கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டும். மனிதன் கால் வைக்காத காலத்துச் சேற்றை எடுத்து அளந்தாலும் 'செம்பு மாசு' என்று பட்டியல் சொல்லும். ஆகவே இரும்போடோ அலுமினியத்தோடோ விகிதம் போட்டு, கல் கொடுத்தது எவ்வளவு, ஆள் கொடுத்தது எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். அதைச் செய்யாத எண் வெறும் எண்தான்.

ஈயம் அந்த வகையில் நல்ல சாட்சி. தக்காணத்துக் கல்லில் அது மிகக் குறைவு. சேற்றில் ஈயம் ஏறியிருந்தால் அது மனிதன் கொடுத்ததுதான். பெரும் பங்கு பெட்ரோலிலிருந்து. எஞ்சின் தட்டாமல் ஓட, ஈயம் கலந்த பெட்ரோலை 1920களிலிருந்து உலகமே எரித்தது. மும்பையில் ஈயமில்லாத பெட்ரோல் 1995இல் புதிய கார்களுக்கு வந்தது; நாடு முழுவதும் ஈயம் நின்றது 2000 பிப்ரவரியில். அதுவரை மாஹிம் பாதையில் ஓடிய ஒவ்வொரு பெட்ரோல் வண்டியின் புகையும் தூசியாகி, மழையோடு கழியில் இறங்கியிருக்கிறது. பழைய பேட்டரியை உடைத்து உருக்குவதும், பெயின்ட்டும் அதோடு சேரும். கார் வைத்திருந்த சீமான்கள் யாரும் "எங்க ஆளுங்க வேலை" என்று சொல்லிக்கொண்டதாக நான் கேட்டதில்லை.

துத்தநாகம், நிக்கல், காட்மியம், ஆறுமதிப்புக் குரோமியம் ஆகியவை வேறு தெருவைக் காட்டுகின்றன. முலாம் பூசும் பட்டறைகளின் தெரு அது. சாக்கிநாக்கா, குர்லா, ஜரிமரி என்று ஆற்றின் இரு கரையிலும் சின்னச் சின்ன ஷெட்டுகள். சைக்கிள் ஹேண்டில், குழாய், நட்டு, போல்ட் எல்லாம் அங்கே பளபளப்பாகி வெளியே வரும். தொட்டி நீர் நாலாவில் இறங்கும். குர்லாவின் பழைய இரும்புக் கடைகள், எண்ணெய் டிரம் கழுவும் இடங்கள் வேறு. தோல் பதனிடப் போடும் குரோமியம் மும்மதிப்பு வகை. முலாம் தொட்டியில் இருப்பது ஆறுமதிப்பு வகை, உயிருக்கு அதைவிடப் பலமடங்கு கெடுதி. ஆனால் இரண்டும் சேற்றுக்குள் போய்ச் சேர்ந்தபின், ஆக்சிஜன் இல்லாத இருட்டில் ஆறுமதிப்பும் மும்மதிப்பாகிவிடுகிறது. அப்புறம் எது தாராவியிலிருந்து வந்தது, எது சாக்கிநாக்காவிலிருந்து வந்தது என்று குரோமியத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. கூட எது இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நிக்கலும் காட்மியமும் கைகோத்து வந்தால் தோலைக் குற்றம் சொல்ல முடியாது. தோலுக்கு நிக்கல் எதற்கு?

இத்தனைக்கும் நடுவில் கழி சுருங்கிக்கொண்டே வந்தது. 1977இல் பாந்த்ரா–குர்லா வளாகத்துக்காக எம்.எம்.ஆர்.டி.ஏ. நியமிக்கப்பட்டது. சுமார் 370 ஹெக்டேர். பெரும்பாலும் கடலேற்றம் வந்து போன சதுப்பு. கண்டல் மரங்கள் சேற்றைப் பிடித்து வைக்கும் வேர்வலை. அவை போன இடத்தில் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. விமான நிலைய ஓடுபாதைக்கு அடியில் ஆற்றை வளைத்து நுழைத்தார்கள். குப்பை கொட்டியும் நிலம் உண்டாக்கினார்கள். தாராவி ஓரத்தில் அப்படிக் கொட்டிய ஒரு மேடுதான் 1994இல் 37 ஏக்கர் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. இந்த நகரம் செய்த நல்ல காரியங்களில் ஒன்று அது. மரத்துக்கு அடியில் பழைய குப்பை அப்படியே இருக்கிறது என்பதும் உண்மை.

2005 ஜூலை 26ஆம் தேதி சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. அந்த இரவை நம்மில் பலர் மறக்க மாட்டோம். மித்தி தனக்கிருந்த இடத்தையெல்லாம் திரும்பக் கேட்டது. வீட்டுக்குள் புகுந்து வடிந்த பின் தரையில் அங்குலக் கணக்கில் நின்ற கறுப்புச் சேறு, கழியிலும் ஆற்றிலும் படிந்திருந்த இந்தப் பேரேட்டின் பக்கங்கள்தான். ஆகஸ்டில் மித்திக்கென்று தனி ஆணையம் அமைந்தது. ஆற்றை அகலப்படுத்தவும் ஆழப்படுத்தவும் தொடங்கினார்கள்.

இப்போது அந்த வாயுவின் வேடிக்கைக்கு வருகிறேன். நாறுகிற அதே சல்பைடுதான் சேற்றுக்குள் ஈயம், காட்மியம், துத்தநாகம், செம்பு ஆகியவற்றைக் கரையாத சல்பைடுகளாகக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறது. சேற்றின் கறுப்பு நிறமே இரும்புச் சல்பைடு கொடுத்ததுதான். சேறு அடியில் இருக்கும்வரை உலோகம் பெரும்பாலும் சிறையில் இருக்கிறது. தோண்டி வெளியே போட்டுக் காற்றுப் பட்டால், சல்பைடு ஆக்சிஜனேற்றமாகி அமிலம் பிறக்கும், பூட்டு திறக்கும், அடுத்த மழையில் உலோகம் கரைந்து பக்கத்துக் கிணற்றுக்கோ வயலுக்கோ கிளம்பும். வெள்ளத்துக்குப் பயந்து தூர்வாருவது அவசியம். அதை யாரும் மறுக்கவில்லை. வாரியதை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. நெதர்லாந்தில் ரோட்டர்டாம் துறைமுகத்தார் ரைன் நதியின் உலோகச் சேற்றை வைக்கவென்றே கடலோரத்தில் ஸ்லுஃப்டர் என்ற பெரிய தொட்டியை 1987இல் கட்டினார்கள். வாரும் சேற்றைப் பரிசோதித்து, கெட்டதை அதற்குள்ளும் கெடாததைக் கடலுக்கும் அனுப்புகிறார்கள்.

மும்பையில் வாரிய சேறு லாரிகளில் ஊருக்கு வெளியே போனது. எந்த ஊருக்கு, யார் நிலத்துக்கு? 2025 மே மாதம் மும்பைப் போலீசின் பொருளாதாரக் குற்றப்பிரிவு மித்தி தூர்வாரும் ஒப்பந்தங்களில் சுமார் 65 கோடி ரூபாய் முறைகேடு என்று வழக்குப் பதிவு செய்தது. குற்றச்சாட்டுகளில் ஒன்று, சேற்றைக் கொட்டுவதற்கு நிலம் கொடுத்ததாகக் காட்டிய ஒப்பந்தப் பத்திரங்களே போலி என்பது. பத்திரிகைகள் பணத்தின் கணக்கைப் பக்கம் பக்கமாக எழுதின. போன சேற்றில் எத்தனை கிலோ ஈயமும் காட்மியமும் போயிற்று, அது இன்று எந்தக் குடியானவன் வயல் வரப்பில் காற்று வாங்கிக்கொண்டு கிடக்கிறது என்ற கணக்கை அந்தப் பக்கங்களில் நான் பார்க்கவில்லை.